பாடம் 9: விருந்தோம்பல் துறையில் தொழிற்பயிற்சி – ஊவா மலையக இளைஞருக்கான ஒரு வழி

க.பொ.த. (சாதாரண தர) மாணவர்களுக்கான பாடச் சுருக்கமும் மாதிரி வினா விடைகளும்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் இயலுவன:

• இலங்கையின் சுற்றுலாத் துறை வளர்ந்த விதத்தைத் தரவுகளுடன் எடுத்துக்காட்டல்
• விருந்தோம்பல் துறையின் பிரதான பிரிவுகளை விளக்குதல்
• தோட்டப்புற இளைஞர் தொழிற்கல்வியில் எதிர்நோக்கும் தடைகளை இனங்காணல்
• தொழிற்பயிற்சி வழங்கும் அரச நிறுவனங்களையும் தேசிய தொழிற் தகைமை மட்டங்களையும் குறிப்பிடல்
• பரீட்சைக்குப் பின்னர் உங்களுக்குப் பொருத்தமான வழியைச் சிந்தித்துத் தெரிவு செய்தல்

1. அறிமுகம்

மாணவர்களே, பதுளையிலிருந்து பசறைக்கு வரும் பஸ்ஸிலும், பசறையிலிருந்து எல்ல பக்கம் போகும் வானிலும் முதுகில் பெரிய பையைச் சுமந்த வெளிநாட்டவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் தங்குவதற்கு அறை வேண்டும். உண்பதற்கு உணவு வேண்டும். வழி கேட்பதற்கு ஆள் வேண்டும். இத்தேவைகளை நிறைவு செய்யும் தொழில்கள் யாவும் சேர்ந்ததே விருந்தோம்பல் துறை ஆகும்.

விருந்தினரை வரவேற்பது எமக்குப் புதிய விடயமன்று. லயத்து வீட்டின் ஒரே அறைக்குள்ளும், வந்தவருக்கு முதலில் பாயை விரித்துச் சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்த பின்னரே பேச்சைத் தொடங்குவது எமது வழக்கம். ஆனால் வீட்டில் செய்யும் உபசாரம் வேறு; சம்பளம் பெற்றுச் செய்யும் தொழில் வேறு. தொழிலுக்கு முறை உண்டு, அளவு உண்டு, நேரம் உண்டு, சான்றிதழ் உண்டு. அம்முறையைக் கற்பிப்பதே விருந்தோம்பல் தொழிற்பயிற்சி.

2. இலங்கைச் சுற்றுலாத் துறையின் வளர்ச்சி

1966 ஆம் ஆண்டில் இலங்கைச் சுற்றுலாச் சபை உருவாக்கப்பட்டது. அவ்வாண்டில் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 18,969 பேர் மட்டுமே. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் மூலம் அச்சபைக்குப் பதிலாக இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை முதலிய நிறுவனங்கள் அமைக்கப்பட்டன. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்ற பின்னர் பயணிகளின் தொகை விரைவாகக் கூடியது.

பின்வரும் தரவுகளை அவதானிக்குக.

ஆண்டு – வந்த சுற்றுலாப் பயணிகள்
1966 – 18,969
2009 – 4,47,890
2018 – 23,33,796
2019 – 19,13,702
2020 – 5,07,704
2021 – 1,94,495
2022 – 7,19,978
2023 – 14,87,303
2024 – 20,53,465

இத்தரவுகளிலிருந்து இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன.

(அ) இது வளரக்கூடிய துறை. 2009 இற்கும் 2018 இற்கும் இடையே பயணிகளின் தொகை ஐந்து மடங்குக்கு மேல் அதிகரித்தது.

(ஆ) இது எளிதில் பாதிக்கப்படும் துறையுமாகும். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல், 2020 இல் தொடங்கிய கொவிட்-19 தொற்று, 2022 இன் பொருளாதார நெருக்கடி என்பன பயணிகளின் வருகையைக் குறைத்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியால் பதுளை மாவட்டத்தில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன; மலையகப் புகையிரதப் பாதையும் சேதமுற்றது.

பரீட்சையில் பலர் முதலாவது உண்மையை மட்டும் எழுதி அரைப் புள்ளியோடு நின்று விடுகின்றனர். இரண்டையும் எழுதுதல் வேண்டும்.

3. ஊவாவில் சுற்றுலா

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. பதுளை மாவட்டத்தின் முக்கிய சுற்றுலா இடங்கள் வருமாறு:

• எல்ல – எல்ல இடைவெளி, சிறிய சிவனொளிபாத மலை, இராவணன் நீர்வீழ்ச்சி
• தெமோதரை – எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு இடையே 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம். கல், செங்கல், சீமெந்து ஆகியவற்றால் ஆனது.
• அப்புத்தளை – தம்பேத்தன்னை தோட்டத்திலுள்ள லிப்டன் இருக்கை. 1931 இல் கட்டப்பட்ட அடிசம் மாளிகை
• பண்டாரவளை – 1893 இல் தொடங்கப்பட்ட பழைய ஹோட்டல்
• பதுளை – சுமார் 64 மீற்றர் உயரமான துன்ஹிந்த நீர்வீழ்ச்சி
• பசறைக்கு அண்மையில் – 2,036 மீற்றர் உயரமான நமுனுகுல மலை

புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது 1924 ஆம் ஆண்டிலாகும். அன்று தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு ஏற்றுவதற்காகவே அப்பாதை போடப்பட்டது. பிற்காலத்தில் அதே பாதையைப் பார்ப்பதற்காகவே உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் வரத் தொடங்கினர். எல்லயில் பசறை வீதி என்றே ஒரு வீதி உண்டு. அதன் இரு மருங்கிலும் தங்குமிடங்களும் உணவகங்களும் தோன்றியுள்ளன. ஒரு காலத்தில் கொழுந்து மட்டும் விளைந்த சரிவுகளில் இன்று விருந்தினர் அறைகளும் உள்ளன.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்டேயாக வேண்டும். பயணிகள் படம் எடுப்பது எமது தோட்டத்தை. ஆனால் அவர்கள் செலவிடும் பணத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வருவது எவ்வளவு? பயிற்சியற்றவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பாத்திரம் கழுவுதல், தோட்டம் துப்புரவாக்குதல், பை தூக்குதல் ஆகிய வேலைகளே. அவ்வேலைகளில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் இருபது வயதில் தொடங்கிய ஒருவர் நாற்பது வயதிலும் அதே இடத்தில் நிற்பாராயின், அங்கே ஏதோ குறை இருக்கிறது. அக்குறையின் பெயர் பயிற்சியின்மை.

4. விருந்தோம்பல் துறையின் பிரதான பிரிவுகள்

ஒரு ஹோட்டலின் நாளாந்த வேலைகளை நான்கு பிரிவுகளாக வகுக்கலாம்.

(i) முன் அலுவலகம்: விருந்தினரை வரவேற்றல், அறை ஒதுக்குதல், பதிவு செய்தல், கணக்கு முடித்தல், முறைப்பாடுகளைக் கேட்டல். மொழியறிவும் கணினி அறிவும் இன்றியமையாதவை.

(ii) அறைப் பராமரிப்பு: அறைகளையும் பொது இடங்களையும் சுத்தமாக வைத்திருத்தல், படுக்கை விரித்தல், துணிகளைப் பராமரித்தல். ஒரு படுக்கை விரிப்பை எத்தனை மடிப்பாக மடிப்பது, எந்தத் துடைப்பத்துணியை எங்கே பயன்படுத்துவது என்பவற்றுக்கும் முறை உண்டு. குளியலறையைத் துடைத்த துணியால் குடிநீர்க் குவளையைத் துடைத்தல் ஆகாது. இது சிறு விடயம் போலத் தோன்றினும் சுகாதாரத்தின் அடிப்படை இதுவே.

(iii) சமையலறை: உணவு தயாரித்தல், சேமித்தல், அளவிடல், செலவைக் கணித்தல். சமைத்த உணவையும் பச்சை இறைச்சியையும் வேறாக வைத்தல், வெவ்வேறு வெட்டுப் பலகைகளைப் பயன்படுத்தல், குளிரூட்டியின் வெப்பநிலையைக் கவனித்தல் ஆகியன முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படுவன.

(iv) உணவு, பான பரிமாறல்: மேசை ஒழுங்குபடுத்தல், கட்டளை பெறுதல், பரிமாறுதல், பட்டியல் கொடுத்தல். உணவில் என்ன சேர்ந்திருக்கிறது என்று விருந்தினர் கேட்டால் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். நிலக்கடலை ஒவ்வாத ஒருவருக்குத் தவறான பதில் சொன்னால் அது உயிர் ஆபத்தாகவும் முடியலாம்.

கணிதம் இத்துறைக்குத் தேவையில்லை என்று சிலர் நினைக்கின்றனர். நான்கு பேருக்கான உணவுக் குறிப்பை அறுபது பேருக்கு மாற்றுவது விகிதசமன். பட்டியலில் 10 வீத சேவைக் கட்டணம் சேர்ப்பது சதவீதம். ஒரு தட்டுச் சோற்றின் அடக்கவிலையைக் காண்பது வணிகக் கல்வி. நீங்கள் வகுப்பில் படித்த பாடங்கள் அங்கே வேறு உடையில் மீண்டும் வந்து நிற்கும்.

5. தோட்டப்புற இளைஞர் எதிர்நோக்கும் தடைகள்

பின்தங்கிய இளைஞர் என்பதன் பொருள் அறிவில் பின்தங்கியவர் என்பதன்று; வாய்ப்பில் பின்தள்ளப்பட்டவர் என்பதாகும். இவ்வேறுபாட்டை மனதில் இருத்திக் கொள்க.

வரலாற்றுக் காரணங்கள்: 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினால் குடும்பங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பிரிக்கப்பட்டன. எஞ்சியோரின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே தீர்வுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் 1977 இற்குப் பின்னர் கட்டங்கட்டமாக அரசினால் பொறுப்பேற்கப்பட்டன. எனவே உயர்கல்வியும் தொழிற்கல்வியும் எமது சமூகத்திற்கு ஏனையோரைவிடக் காலந்தாழ்த்தியே வந்தன.

நடைமுறைக் காரணங்கள்:

• பண நெருக்கடி – பயிற்சிக் காலத்தில் வீட்டுக்கு வருமானம் இராது. பஸ் கட்டணமும் தங்குமிடச் செலவும் சேரும்.
• மொழி – ஹோட்டல் துறையில் ஆங்கிலச் சொற்கள் நிறைந்திருக்கும். வேலைத்தலத்தில் சக ஊழியர் பெரும்பாலும் சிங்களம் பேசுவர். தமிழ்மொழி மூல மாணவருக்கு இவ்விரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன.
• ஆவணங்கள் – பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும் இருத்தல். அடையாள அட்டையை உரிய காலத்தில் எடுக்காமை.
• தகவலின்மை – விண்ணப்ப அறிவித்தல் தோட்டத்திற்கு வந்து சேரும் போது முடிவுத் திகதி கடந்திருக்கும்.
• சமூக மனப்பான்மை – "கோப்பை கழுவத்தானா இவ்வளவு படித்தாய்?" என்னும் ஏளனம். பெண் பிள்ளைகளாயின், இரவு நேர வேலை, வெளியூர்த் தங்கல் பற்றிய பெற்றோரின் அச்சம்.

பெற்றோரின் அச்சத்தைப் பிற்போக்கு என்று தள்ளிவிடக் கூடாது. அது அனுபவத்திலிருந்து வந்தது. கொழும்பில் வீட்டு வேலைக்கென அனுப்பப்பட்ட பிள்ளைகளின் துயரங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பயிற்சி நிலையத்தின் விடுதி எங்கே, பொறுப்பாளர் யார், இரவு வேலை முடிந்தால் போக்குவரத்து உண்டா என்று அவர்கள் கேட்பது நியாயமே. அக்கேள்விகளுக்கு விடை தேடிக் கொண்டு வந்து பெற்றோரின் முன் வைப்பது உங்கள் பொறுப்பு.

6. பயிற்சி வழங்கும் நிறுவனங்கள்

(அ) இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகம்: 1964 இல் இலங்கை ஹோட்டல் பாடசாலை என்னும் பெயரில் தொடங்கப்பட்டது. தலைமையகம் கொழும்பில் உள்ளது. எமது மாவட்டத்தில் பண்டாரவளையில் இதன் கிளைப் பாடசாலை உண்டு. மேலே கூறிய நான்கு பிரிவுகளிலும் அடிப்படைப் பாடநெறிகள் உள்ளன.

(ஆ) இலங்கைத் தொழிற்பயிற்சி அதிகார சபை: 1995 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. கிராமப்புற இளைஞரைச் சென்றடைவது இதன் முக்கிய நோக்கம்.

(இ) தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை (நைட்டா): 1971 இல் உருவான தேசிய பயிலுநர் சபையின் தொடர்ச்சி. தொழில் நடைபெறும் இடத்திலேயே பயிலுநராகச் சேர்ந்து கற்கும் முறை இதன் சிறப்பு. வேலை செய்து கொண்டே கற்க விரும்புவோருக்கு ஏற்றது.

(ஈ) மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு: 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. இது பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்து தரத்தை மேற்பார்வை செய்யும் நிறுவனம். எந்த ஒரு தனியார் நிலையத்துக்கும் பணம் கட்டுமுன் அது இவ்வாணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்று கேட்டறிக.

(உ) பாடசாலையில் தொழிற்பாட வழி: 2017 இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் கீழ், தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் உயர்தரத் தொழிற்பாடத் துறை ஆரம்பிக்கப்பட்டது. அதில் சுற்றுலாவும் விருந்தோம்பலும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டது. சாதாரண தரத்தில் சித்தியடையாத மாணவரும் சேரக்கூடியவாறு அத்திட்டம் வகுக்கப்பட்டது.

தேசிய தொழிற் தகைமை மட்டங்கள்

மட்டம் 1 – ஆரம்பத் தேர்ச்சிகள்
மட்டம் 2, 3, 4 – தேசிய சான்றிதழ்
மட்டம் 5, 6 – தேசிய டிப்ளோமா
மட்டம் 7 – பட்டத்திற்குச் சமமானது

இதை ஏணிக்கு ஒப்பிடலாம். முதற்படியில் கால் வைத்தவர் மேலே ஏற முடியும் என்பதே இதன் கருத்து. எமது பிரதேசத்தில் இவ்வேணியின் உச்சியைக் கண்ணாலேயே காணலாம். பதுளை, பசறை வீதியில் அமைந்துள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல், சுற்றுலா முகாமைத்துவம் ஆகியன பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. அப்பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தாண்டித்தான் பதுளைக்கு நீங்கள் பஸ்ஸில் போகிறீர்கள். உயர்தரம் சித்தியடைந்து அவ்வாயிலால் நுழைவதும் ஒரு வழி. மட்டம் 3 இல் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுவதும் ஒரு வழி.

முன் கற்றலை அங்கீகரித்தல்: பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வேலைத்தலத்திலேயே தொழிலைக் கற்றவர்களும் தகைமை பெறலாம். செய்த வேலைக்கான சான்றுகளைக் கோவையாகச் சேர்த்து விண்ணப்பித்தால், மதிப்பீட்டாளர்கள் நேரில் செய்முறையைப் பார்த்துச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு உண்டு. உங்கள் அண்ணன்மார், அக்காமார் யாரேனும் இவ்வாறு வேலை செய்து கொண்டிருந்தால் இப்பந்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுக.

7. பிற நாட்டு உதாரணங்கள்

கம்போடியா: அங்கோர் ஆலயங்களுக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரம் உலகப் புகழ் பெற்ற சுற்றுலா நகரம். நகரில் பெரிய ஹோட்டல்கள் இருந்தும் சுற்றுக் கிராமங்கள் வறுமையிலேயே இருந்தன. 2002 இல் பிரான்சியத் தொண்டு நிறுவனம் ஒன்று அங்கே சாலா பாய் என்னும் ஹோட்டல் பாடசாலையைத் தொடங்கியது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஒரு வருடப் பயிற்சி இலவசமாக அளிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். பாடசாலைக்கென்றே பயிற்சி உணவகமும் அறைகளும் அமைக்கப்பட்டன. மாணவர் உண்மையான விருந்தினருக்குப் பரிமாறியே கற்கும் முறை அது.

வியட்நாம்: ஹனோய் நகரில் 1999 இல் ஜிம்மி பாம் என்பவர் தெருவில் வாழ்ந்த இளைஞருக்காக ஒரு சிறு சாண்ட்விச் கடையைத் தொடங்கினார். அதுவே கோட்டோ என்னும் பயிற்சி உணவகமாக வளர்ந்தது. சமையல், பரிமாறல் என்பவற்றோடு ஆங்கிலமும் வாழ்க்கைத் தேர்ச்சிகளும் கற்பிக்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டில் வியட்நாம் சென்ற அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் அவ்வுணவகத்திற்கு வருகை தந்தார்.

இவ்விரு உதாரணங்களிலிருந்தும் நாம் பெறும் பாடங்கள்:

1. தொழிலை மட்டும் கற்பித்தால் போதாது. தங்குமிடம், உணவு, மொழி, சுகாதாரம் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வறிய மாணவர் இடைநடுவே விலகாமல் நிற்பர்.
2. கரும்பலகையில் எழுதி மட்டும் விருந்தோம்பலைக் கற்பிக்க முடியாது. செய்து பழகும் இடம் வேண்டும்.
3. பயிற்சி முடிந்ததும் வேலையோடு இணைக்கும் ஏற்பாடு வேண்டும்.

எல்லயைச் சூழ்ந்த தோட்டங்களின் நிலையும் சியெம் ரீப்பைச் சூழ்ந்த கிராமங்களின் நிலையும் ஒத்திருப்பதைக் கவனிக்குக. இவ்வொப்பீடு வினாவாக வருவதற்கு வாய்ப்புண்டு.

8. ஒரு மாணவனின் அனுபவம்

எமது பிரத்தியேக வகுப்பில் படித்த ஒரு மாணவன் கணிதத்தில் சித்தியடையவில்லை. தாய் கொழுந்து பறிப்பவர். பெறுபேறு வந்த மறு வாரமே, யாரோ ஒருவரின் பேச்சை நம்பிக் கொழும்பிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டான். காலை ஐந்து மணிக்கு எழும்பி இரவு பதினொரு மணி வரை வேலை. இரண்டு வருடங்களின் பின் திரும்பி வந்தபோது கையில் நியமனக் கடிதமும் இல்லை. சேவைச் சான்றிதழும் இல்லை. சேமலாப நிதி இலக்கமும் இல்லை. "சேர், ரெண்டு வருசம் செஞ்சேன். ஆனா செஞ்சதுக்கு சாட்சி இல்ல" என்றான்.

பின்னர் எல்லயில் ஒரு சிறு விருந்தினர் விடுதியின் சமையலறையில் உதவியாளனாகச் சேர்ந்தான். இம்முறை முதல் நாளே கடிதம் கேட்டான். தான் செய்த வேலைகளைக் கொப்பியொன்றில் எழுதி வந்தான். முன் கற்றலை அங்கீகரிக்கும் முறையில் விண்ணப்பித்து, சமையலாளருக்கான மட்டம் 3 சான்றிதழைப் பெற்றான். சான்றிதழ் கிடைத்த அன்று வகுப்புக்கு வந்து அதை மேசை மேல் வைத்தான். அந்தக் கடதாசியில் இருந்தது அவனுடைய சமையல் மட்டுமன்று. சாட்சியில்லாமல் போன அந்த இரண்டு வருடங்களும் அதில் இருந்தன.

இவ்வனுபவம் உணர்த்துவது யாது? கற்ற தொழிலைப் போலவே, கற்றதற்கான சான்றும் முக்கியம்.

9. நன்மைகளும் மட்டுப்பாடுகளும்

நன்மைகள்:

• குறுகிய காலத்தில் தொழிலுக்குத் தகுதி பெறலாம்.
• சொந்த மாவட்டத்திலேயே வேலை தேடலாம். கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ செல்ல வேண்டிய கட்டாயம் குறையும்.
• சம்பளத்தோடு, பல ஹோட்டல்களில் சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கும் கிடைக்கும்.
• வெளிநாடு செல்ல நேர்ந்தாலும் தேர்ச்சி பெற்றவராகச் செல்லலாம்.
• எதிர்காலத்தில் சுயமாக விருந்தினர் விடுதியோ உணவகமோ நடத்தலாம்.

மட்டுப்பாடுகள்:

• பருவகாலத்திற்கேற்ப வேலை கூடிக் குறையும்.
• அனர்த்தம், தொற்று, அரசியல் நெருக்கடி ஆகியவற்றால் முதலில் பாதிக்கப்படும் துறை இதுவே.
• பண்டிகை நாட்களில் விடுமுறை கிடைத்தல் அரிது. தீபாவளியன்று நீங்கள் வேறொருவரின் மேசைக்குப் பலகாரம் பரிமாற நேரலாம்.
• சில இடங்களில் சட்டபூர்வ உரிமைகள் வழங்கப்படுவதில்லை.

உரிமைகளைத் தெரிந்து கொள்க: ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்துதல் வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தொழில் வழங்குநர் 3 வீதம் செலுத்துதல் வேண்டும். தொழிலில் அமர்த்துவதற்கான ஆகக் குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது.

10. பரீட்சை முடிந்தவுடன் செய்ய வேண்டியவை

1. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவற்றில் உங்கள் பெயர் ஒரே விதமாக உள்ளதா என்று பார்க்குக. பிழை இருப்பின் இப்போதே கிராம உத்தியோகத்தரையோ பிரதேச செயலகத்தையோ நாடுக. பெறுபேறு வரும் வரை காத்திருத்தல் வேண்டாம்.
2. பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் பேச்சு ஆங்கிலமும் பேச்சுச் சிங்களமும் பழகுக. நாளுக்குப் பத்துச் சொற்கள் வீதம் கற்றால் மூன்று மாதத்தில் தொள்ளாயிரம் சொற்கள்.
3. பிரதேச செயலகத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பாடநெறிகள் பற்றி விசாரிக்குக.
4. பாடநெறிக் கட்டணம், கால அளவு, மொழி மூலம், விடுதி வசதி, எந்தத் தகைமை மட்டம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெறுக.
5. உயர்தரம் கற்கத் தகுதியும் விருப்பமும் இருப்பின் அதைக் கைவிட வேண்டாம். தொழிற்கல்வி என்பது தோற்றவரின் ஒதுக்கிடமன்று. அதுபோல உயர்தரம் மட்டுமே வென்றவரின் வழியுமன்று.

மாதிரி வினாவும் விடையும்

வினா: "சுற்றுலாத் துறையின் வளர்ச்சி மட்டும் தோட்டப்புற இளைஞரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தப் போதுமானதன்று." இக்கூற்றை உமது பிரதேச உதாரணங்களுடன் விளக்குக. (10 புள்ளிகள்)

விடை: 2009 இல் 4,47,890 ஆக இருந்த சுற்றுலாப் பயணிகளின் தொகை 2024 இல் 20,53,465 ஆக உயர்ந்தது. எல்ல, அப்புத்தளை, பண்டாரவளை முதலிய இடங்கள் இவ்வளர்ச்சியால் பயனடைந்தன. எனினும் இவ்விடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் இளைஞர், பயிற்சியின்மை காரணமாகக் குறைந்த ஊதிய வேலைகளிலேயே பெரும்பாலும் அமர்த்தப்படுகின்றனர். பண நெருக்கடி, மொழிப் பிரச்சினை, ஆவணக் குறைபாடு, தகவலின்மை என்பன அவர்கள் பயிற்சி பெறுவதைத் தடுக்கின்றன. எனவே வளர்ச்சியின் பயன் அவர்களைச் சென்றடைய வேண்டுமாயின், பண்டாரவளை ஹோட்டல் பாடசாலை போன்ற நிறுவனங்களில் அவர்கள் சேர்வதற்கான வழிகாட்டலும், பயிற்சிக் காலக் கொடுப்பனவும், தமிழ்மொழி மூல மாணவருக்கான மொழிப் பயிற்சியும் தேவை. கம்போடியாவின் சாலா பாய் பாடசாலை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். மேலும் இத்துறை அனர்த்தங்களால் பாதிக்கப்படுவதால் சட்டபூர்வத் தொழிற் பாதுகாப்பும் உறுதி செய்யப்படல் வேண்டும்.

புள்ளி வழங்கும் முறை: தரவு 2, பிரதேச உதாரணம் 2, தடைகள் 3, தீர்வுகள் 2, மொழிநடை 1.

பயிற்சி வினாக்கள்

அ. சரியான விடையைத் தெரிவு செய்க.

1. இலங்கை ஹோட்டல் பாடசாலை தொடங்கப்பட்ட ஆண்டு
(1) 1948 (2) 1964 (3) 1990 (4) 2005

2. தேசிய தொழிற் தகைமையில் தேசிய டிப்ளோமாவைக் குறிக்கும் மட்டங்கள்
(1) 1, 2 (2) 2, 3 (3) 3, 4 (4) 5, 6

3. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் செலுத்த வேண்டிய வீதம்
(1) 3 (2) 8 (3) 12 (4) 20

ஆ. சுருக்கமான விடை தருக.

4. அறைப் பராமரிப்புப் பிரிவின் கடமைகள் மூன்று தருக.
5. முன் கற்றலை அங்கீகரித்தல் என்பதால் நீர் விளங்குவது யாது?
6. 2018 இற்கும் 2021 இற்கும் இடையே பயணிகளின் தொகை வீழ்ச்சியடைந்தமைக்கான காரணங்கள் இரண்டு தருக.

இ. கட்டுரை வினா

7. உமது தங்கை விருந்தோம்பல் பயிற்சி நெறியில் சேர விரும்புகிறாள். பெற்றோர் தயங்குகின்றனர். அவர்களின் தயக்கத்திற்கான காரணங்களையும் அவற்றுக்கு நீர் கூறும் விடைகளையும் உள்ளடக்கி ஒரு கடிதம் எழுதுக.

விடைகள்: 1 – (2), 2 – (4), 3 – (3). ஏனைய வினாக்களுக்கான விடைகளைப் பாடத்திலிருந்து தேடி எழுதுக. ஏழாம் வினாவை மட்டும் எழுதியதோடு நிறுத்தாமல் வீட்டில் உரத்து வாசித்துக் காட்டுக. அம்மாவும் அப்பாவும் எழுப்பும் கேள்விகளைக் குறித்துக் கொண்டு அடுத்த வகுப்புக்கு வருக. அங்கிருந்தே நமது அடுத்த பாடம் தொடங்கும்.